பளிச்சென்று ஞாபகம் இருக்கிறதா? அங்கேதான் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும்

சுனாமி செய்தியை நான் பள்ளிக்கூடத்தில்தான் கேட்டேன். கணக்கு வகுப்பு, ஜன்னலோர பெஞ்ச், பியூன் உள்ளே வந்து சார் காதில் ஏதோ சொன்னது, சார் சாக்பீஸை அப்படியே மேஜைமேல் வைத்தது எல்லாம் கண்முன் நிற்கிறது. இதை அக்காவிடம் சொன்னால் அவள் சிரிக்கிறாள். "டேய், 2004 டிசம்பர் 26 ஞாயித்துக்கிழமைடா, அரையாண்டு லீவு வேற." காலண்டரைப் புரட்டினேன், ஞாயிறுதான். ஆனாலும் அந்த பியூன் போகமாட்டேன் என்கிறார்.

தெளிவாக இருப்பதாலேயே ஒரு நினைவை உண்மை என்று நம்புவதுதான் நாம் செய்யும் பெரிய தவறு. 1986-ல் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள், செய்தியை எங்கே, யார் சொல்லிக் கேட்டீர்கள் என்று உளவியலாளர்கள் உல்ரிக் நைசரும் நிகோல் ஹார்ஷும் அமெரிக்க மாணவர்களிடம் எழுதி வாங்கி வைத்துக்கொண்டார்கள். இரண்டரை வருடம் கழித்து அதே கேள்வியை 44 பேரிடம் கேட்டபோது, 11 பேர் முக்கியமான விவரங்களில் ஒன்றைக்கூடச் சரியாகச் சொல்லவில்லை, ஆனால் பெரும்பாலானவர்கள் அடித்துச் சொல்லும் நம்பிக்கையோடுதான் பேசினார்கள். அவர்கள் கைப்பட எழுதிய தாளையே காட்டியும் பழைய நினைவு திரும்பி வரவில்லை. மூளைக்குள் ஓடுவது வீடியோ இல்லை, ஒவ்வொரு தடவையும் துண்டுகளைச் சேர்த்துப் புதிதாகக் கட்டுகிறோம், நடுவில் ஓட்டை விழுந்த இடத்தை டிவியில் பார்த்தது, பிறர் சொன்னது, வழக்கமாக நடப்பது என்று கிடைத்ததை வைத்து அடைத்துவிடுகிறோம்.

அப்புறம், கேள்வியிலேயே பதிலை வைத்துக் கேட்பது. 1974-ல் லாஃப்டஸும் பால்மரும் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரே கார் விபத்துப் படத்தைக் காட்டிவிட்டு, "மோதியபோது என்ன வேகம்?" என்று 50 பேரிடமும், "நொறுங்க மோதியபோது என்ன வேகம்?" என்று வேறு 50 பேரிடமும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடி பார்த்தீர்களா என்றால் முதல் கூட்டத்தில் 7 பேர் ஆமாம் என்றார்கள், இரண்டாவதில் 16 பேர். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை! ஆகவே தெருவில் ஏதாவது நடந்தால் "அந்த ஆட்டோக்காரன் கண்ணுமண்ணு தெரியாமத்தானே வந்தான்?" என்று ஆரம்பிக்காதீர்கள், "என்ன பார்த்தீங்க?" போதும். பார்த்தவர் நீங்கள் என்றால், நாலு பேரோடு பேசுவதற்கு முன்னால் எழுதி வைத்துவிடுங்கள்.

படிக்கிற பிள்ளைகள் செய்வது வேறு ரகம்: ஹைலைட்டர் போட்டுத் திரும்பத் திரும்ப வாசிப்பது. ரோடிகரும் கார்ப்பிக்கியும் என்ற உளவியலாளர்கள் 2006-ல் மாணவர்களில் ஒரு கூட்டத்தை ஒரு பகுதியை நான்கு முறை படிக்கவிட்டார்கள், இன்னொரு கூட்டம் ஒரே முறை படித்துவிட்டு மூன்று முறை பார்க்காமல் எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடத்தில் சோதித்தால் படித்தவர்கள்தான் முன்னால், 83-க்கு 71 சதவீதம். ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் 40-க்கு 61 என்று தலைகீழ். இதில் வேடிக்கை, நமக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியதும் அந்த நான்கு முறை படித்தவர்கள்தான். புத்தகத்தை மூடிவிட்டு ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், தடுமாறும்போது படிப்பே ஏறவில்லை என்று தோன்றும், தோன்றட்டும்.

சாவியை எங்கே வைத்தோம் என்று தெரியாததற்கு "வயசாயிடுச்சு" என்று உடனே புலம்புவதும் வேண்டாம். போனில் பேசிக்கொண்டே ஃப்ரிட்ஜ் மேல் வைத்திருப்பீர்கள், கவனிக்காதது பதிவாகவே இல்லை, பதிவாகாததை மறந்துவிட்டேன் என்று சொல்ல முடியாது.