வாரண்டி முடிந்த 19ஆம் நாள்

வாரண்டி முடிந்து 19 நாள்தான் ஆகியிருந்தது. லேப்டாப்பை ஆன் செய்தால் விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பாகவே இருக்கிறது. சர்வீஸ் சென்டரில் திறந்துகூடப் பார்க்காமல், மதர்போர்டு (உள்ளே எல்லாப் பாகங்களையும் இணைக்கும் முக்கியப் பலகை) போய்விட்டது என்றார்கள். கேட்ட தொகை புது லேப்டாப் விலையில் பாதி. வயிறு எரிந்தது.

சரி, நாமே பார்ப்போம் என்று வீட்டுக்குக் கொண்டு வந்தேன். முதலில் சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடித்தேன். சில சமயம் இதிலேயே சரியாகிவிடும்; எனக்கு ஆகவில்லை. அப்புறம் பின்மூடியைத் திறந்து, பேட்டரி இணைப்பை எடுத்தேன். அதை எடுக்காமல் உள்ளே கை வைக்கவே கூடாது. ராமின் (RAM, லேப்டாப்பின் நினைவகம் உள்ள சிறு அட்டை) இரண்டு பக்கக் கிளிப்புகளையும் விலக்கினால் அது தானாக மேலே எழும்பும். (சில மெல்லிய மாடல்களில் ராமை போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், அவற்றில் இது முடியாது.) தங்க நிறத் தொடுமுனைகளில் மங்கலாக ஏதோ படிந்திருந்தது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய துணியால் துடைத்து, காயவிட்டு, சாய்வாகச் செருகி, கிளிப் 'க்ளிக்' என்று விழும்வரை அழுத்தினேன்.

பேட்டரி இணைப்பைத் திரும்பப் போட்டு, மறுபடி ஆன் செய்தபோது திரை வர ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. நினைவகத்தை அது புதிதாகச் சோதிக்கும் நேரம் அது, பயந்து அணைத்துவிடாதீர்கள். மதர்போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. எட்டு மாதமாக அதே லேப்டாப்பில்தான் வேலை செய்கிறேன்.