லுவாங் பிரபாங் போறீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

லாவோஸ்ல லுவாங் பிரபாங்னு ஒரு ஊரு. மாகாணத் தலைநகர்னு பேரு தான், பழைய ஊர நடந்தே சுத்திடலாம், மேகாங் ஆறும் நாம் கான் ஆறும் சேர்ற எடத்துல மூக்கு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கற நெலம், அவ்ளோ தான். 1975 வரைக்கும் ராஜா இருந்த ஊரு, 1995ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்தாங்க. வர்றவங்க பண்ற தப்புல பாதி எங்கேர்ந்து வருதுன்னா, ஊர சினிமா செட்டு மாதிரி பாக்குறாங்க, அங்க ஜனங்க குடியிருக்காங்கங்கறது மறந்தே போயிடுது.

தாக் பாத்ங்கற பிட்சைச் சடங்குல இது நல்லாவே தெரியும். விடியறதுக்குள்ள பிக்குகள் வெறுங்கால்ல வரிசையா பிட்சைக்கு வருவாங்க, வீட்டு வாசல்ல பொம்பளைங்க முட்டி போட்டு உக்காந்து, கூடையிலேர்ந்து ஒட்டரிசி சோத்த கொஞ்சம் கிள்ளி ஒவ்வொருத்தர் பாத்திரத்துலயும் போடுவாங்க, யாரும் ஒரு வார்த்த பேசமாட்டாங்க, அந்த நேரத்துல போய் மூஞ்சிக்கு நேரா ஃபிளாஷ் அடிக்கிறாங்க பாருங்க, நம்ம கோயில்ல தீபாராதனை நடக்கறப்போ குறுக்க வந்து செல்ஃபி எடுத்தா எப்படி எரிச்சல் வரும், அதே தான். தோள் முட்டி மறைய துணி போட்டுக்கிட்டு எதிர்ப்பக்கம் தள்ளி நின்னு பாருங்க, போதும். போடணும்னு மனசார தோணுச்சுன்னா, தங்கற எடத்துல முந்தின நாளே சொல்லி சோறு வாங்கிக்கங்க, ரோட்ல கைல திணிக்கறவங்ககிட்ட வாங்காதீங்க. செருப்ப கழட்டிட்டு, பிக்குகள விட தாழ்வா உக்காருங்க. வாங்கினதுல கொஞ்சத்த பிக்குகளே வழியில கூடையோட காத்திருக்கற ஏழைப் பசங்களுக்குப் போட்டுட்டுப் போவாங்க, நான் போனப்போ கேமராக்காரங்க முக்காவாசிப் பேரு அத கவனிக்கவே இல்ல.

அடுத்தது, ரெண்டு நாள்ல முடிச்சிடலாம்ங்கற நெனப்பு. சாயங்காலம் ஆனா சூரியன் மறையறத பாக்க ஊரே, நடுவுல இருக்கற பூசி மலைல தான் நிக்கும், முன்னூத்துச் சொச்சம் படி ஏறி அடுத்தவன் தலைய பாத்துட்டு எறங்கணும், காலைல ஏறுங்க. 16ம் நூற்றாண்டுல சேத்தாதிராத் ராஜா கட்டின வாட் சியெங் தோங் கோயில்ல முன்னாடி மட்டும் பாத்துட்டுத் திரும்பிடாதீங்க, பின்சுவத்துல செவப்புப் பின்னணில கண்ணாடிச் சில்லு பதிச்ச ஒரு மரம் இருக்கு, கோயிலே எனக்கு அது தான்.

ஆகஸ்ட்ல போயி மூங்கில் பாலம் எங்கன்னு தேடாதீங்க. நாம் கான்ல தண்ணி கொறைஞ்சதும் கட்டுவாங்க, மழைக்கு முன்னாடி பிரிச்சிடுவாங்க, வருஷா வருஷம் இதே கதை தான். கடக்கறதுக்கு கேக்கற சின்னக் காசுக்கு பேரம் பேசாதீங்க, அடுத்த வருஷப் பாலத்துக்கு அது தான் மூங்கில்.

ரயில் 2021 டிசம்பர்ல வந்துச்சு, தலைநகர் வியஞ்சான்லேர்ந்து ரெண்டு மணி நேரம் தான், ஆனா ஸ்டேஷன் ஊருக்கு ரொம்ப வெளிய, திரும்பறப்போ கடைசி நிமிஷத்துல கெளம்பினா கதை கந்தல். டிசம்பர் ஜனவரில காலைல நல்லா குளுரும், ஸ்வெட்டர் இல்லாம வந்து நடுங்காதீங்க. மார்ச்ல காடு வயல் எரிக்கற பொகை, ஆறே மங்கலாத் தான் தெரியும். நம்ம சித்திரை ஒண்ணு சமயத்துல அங்கயும் புதுவருஷம், ரோட்ல எறங்கினா தண்ணிய ஊத்தித் தள்ளிடுவாங்க, செல்போன பிளாஸ்டிக் கவர்ல போட்டு வைங்க, கோவப்படாதீங்க.

சைவம்னா மீன் வேண்டாம்னு மட்டும் சொன்னா பத்தாது. பப்பாளிக்காய் சாலட்ல பாதேக்னு புளிக்க வெச்ச மீன் சாறு ஊத்துவாங்க, கண்ணுக்குத் தெரியாது, "கின் ஜே"ன்னு சொன்னா புரிஞ்சுக்குவாங்க. ஒட்டரிசி சோத்த நம்ம சாம்பார் சாதம் மாதிரி பெசையாதீங்க, விரல்ல சின்னதா உருட்டி தொட்டுக்கிட்டு சாப்பிடணும். முடிச்சதும் சோறு வர்ற கூடைய மூடி வைங்க, தொறந்து போட்டா ஆகாதுன்னு ஒரு நம்பிக்கை. நான் மறந்தப்போ கடைக்கார அக்கா ஒண்ணும் சொல்லல, வந்து மூடிட்டுப் போனாங்க, ரெண்டு தடவ.