காலநிலை பற்றி எழுதப் போறீங்களோ, முதல்ல கிணத்தடிக்குப் போங்கோ

காலநிலை மாற்றம் பற்றிக் கதையோ கவிதையோ எழுத வெளிக்கிட்டா பனிமலையில தொடங்காதேங்கோ, உங்கட வளவுக் கிணத்தில தொடங்குங்கோ. யாழ்ப்பாணத்தில வருசம் முழுக்க ஓடுற ஆறு இல்ல, சுண்ணாம்புக் கல்லுக்குள்ள இறங்கிற மாரி மழைதான் எங்கட தண்ணி, கூட இறைச்சா உவர் ஏறிவரும். நிலாவரைக் கிணத்தில மேல நல்ல தண்ணி, ஆழத்தில உப்புத் தண்ணி, இதைவிட வடிவான படிமம் எங்க கிடைக்கும்?

பிறகு அம்மம்மாட்ட போய் போனில ரெக்கோட் போட்டுட்டுக் கேளுங்கோ. "புயல் எப்பிடி இருந்தது" எண்டு கேட்டா "பெரிசா அடிச்சது" எண்டதோட முடிஞ்சிடும், "1964 மார்கழிப் புயலுக்கு எங்க படுத்தனீங்கள், விடிய என்ன சமைச்சனீங்கள்" எண்டு கேட்டாத்தான் கதை வரும். என்ர அம்மம்மா தேத்தண்ணியை ஒரு மிடறு குடிச்சிட்டு "கிணறு உவராகிறதை நாக்குத்தான் முதல் சொல்லும்" எண்டு சொன்னவ, அந்த வரியிலதான் நான் எழுதத் தொடங்கினன்.

காத்து எண்டு மொட்டையா எழுதாதேங்கோ. சோளகம், வாடை, கச்சான், கொண்டல் எண்டு ஒவ்வொண்டுக்கும் பேர் இருக்கு. சங்கப் பாட்டில நெய்தல் திணையையும் வாசியுங்கோ, கடலையும் மனசையும் பிரிக்காமப் பாடியிருக்கினம்.

எழுதி முடிச்சா அம்மம்மாவுக்கே வாசிச்சுக் காட்டுங்கோ, பிழை இருந்தா அவ சொல்லுவா.