செகண்டரி டிஎன்எஸ் பழைய ஐபியையே காட்டுகிறதா? சீரியலைப் பாருங்கள்

பிரைமரியில் (டொமைனின் மூல ரெக்கார்டுகள் இருக்கும் டிஎன்எஸ் சர்வர்) ரெக்கார்டை மாற்றி, பைண்டை (அதில் ஓடும் டிஎன்எஸ் மென்பொருள்) ரீலோடும் செய்தாச்சு, ஆனாலும் பாதிப் பேர் பழைய ஐபிக்கே போகிறார்கள் என்றால் சந்தேகம் அதன் நகலை வைத்திருக்கும் செகண்டரி மேல்தான். ரீஸ்டார்ட் செய்யக் கை துறுதுறுக்கும், கொஞ்சம் பொறுங்கள். நடுவில் எந்தக் கேஷும் வராதபடி டிக் என்ற கட்டளையால் இரண்டு சர்வரிடமும் தனித்தனியே எஸ்ஓஏ ரெக்கார்டை (டொமைனின் தலைப்பு விவரம்) கேளுங்கள்:

டிக் @சர்வர்-ஐபி உங்கள்-டொமைன் எஸ்ஓஏ +ஷார்ட்

பதிலாக ஒரே வரி வரும். முதலில் இரண்டு பெயர்கள், அப்புறம் 2025031401 3600 900 1209600 300 என்பதுபோல ஐந்து எண்கள். முதல் எண்தான் சீரியல். புது ஜோனை (டொமைனின் ரெக்கார்டுகள் அடங்கிய தொகுப்பு) இழுக்கலாமா வேண்டாமா என்று செகண்டரி முடிவு செய்வது இந்த எண்ணை வைத்துத்தான், உள்ளே நீங்கள் எதை மாற்றினீர்கள் என்பது அதற்குத் தெரியவே தெரியாது.

இரண்டிலும் ஒரே சீரியல், ஆனால் ரெக்கார்டு மட்டும் வேறா? ஃபைலைத் திருத்தியபோது எண்ணைக் கூட்டவில்லை, அவ்வளவுதான். கூட்டிவிட்டு ரீலோட் செய்யுங்கள்.

செகண்டரியில் குறைந்த எண் இருந்தால் டிரான்ஸ்ஃபர் நடக்கவில்லை. செகண்டரி மெஷினுக்குள் போய், முழு ஜோனையும் கேட்கும் இந்தக் கட்டளையை அடியுங்கள்:

டிக் @பிரைமரி-ஐபி உங்கள்-டொமைன் ஏஎக்ஸ்எஃப்ஆர்

டைம் அவுட் ஆனால் ஃபயர்வாலைப் பாருங்கள். சாதாரணக் கேள்விகள் யூடிபியில் ஓடிவிடுவதால் டிசிபி 53 மூடிக் கிடப்பது பல நாள் யார் கண்ணிலும் படாது, ஆனால் ஜோன் டிரான்ஸ்ஃபருக்கு டிசிபி கட்டாயம். 'டிரான்ஸ்ஃபர் ஃபெயில்டு' என்று வந்தால் பிரைமரியின் அலவ்-டிரான்ஸ்ஃபர் பட்டியலில் (ஜோனை இழுக்க அனுமதி உள்ளவர்கள்) செகண்டரியின் ஐபி இருக்கிறதா என்று பாருங்கள். டிசிக் சாவி (இரண்டு சர்வரும் ஒன்றையொன்று உறுதிசெய்யும் ரகசியச் சாவி) போட்டிருந்தால் இரண்டு மெஷின்களின் கடிகாரமும் ஐந்து நிமிடத்துக்கு மேல் விலகக் கூடாது. இதையெல்லாம் தள்ளிப்போடாதீர்கள்: நான்காவது எண்ணான 1209600 விநாடி, அதாவது 14 நாள், பிரைமரியைத் தொட முடியாமல் போனால் செகண்டரி பழைய பதிலையும் நிறுத்திவிட்டு சர்வ்ஃபெயில் என்ற பிழையைக் கொடுக்கும்.

செகண்டரியில் எண் அதிகமாக இருப்பதுதான் வேடிக்கையான கேஸ். சீரியலின் தொடக்கத்தில் உள்ள ஆண்டை யாரோ 2025-க்குப் பதில் 2052 என்று அடித்து, பிறகு பிரைமரியில் மட்டும் திருத்தியிருப்பார்கள். செகண்டரி உங்கள் கையில் இருந்தால் அங்கே ஆர்என்டிசி ரீடிரான்ஸ்ஃபர் என்ற பைண்ட் கட்டளையைக் கொடுங்கள், அது சீரியலைப் பார்க்காமல் முழு ஜோனையும் இழுத்துவிடும். வேறொருவர் நடத்தும் சர்வர் என்றால் தவறான எண்ணோடு 2147483647-ஐக் கூட்டிப் பிரைமரியில் போடுங்கள்: 2052031401 என்பது 4199515048 ஆகும். எல்லாச் செகண்டரியும் அதை எடுத்த பிறகு சரியான எண்ணை வையுங்கள். சீரியல் 32 பிட் வட்டம், அதாவது உச்ச எண்ணைத் தாண்டினால் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடரும் என்பதால், செகண்டரி அந்தச் சிறிய எண்ணையும் புதியது என்றே எடுத்துக்கொள்ளும்.

சீரியலும் ரெக்கார்டும் இரண்டிலும் பொருந்தியும் சிலருக்குப் பழைய ஐபி வந்தால், அது அவர்களுடைய ரிசால்வரின் (அவர்கள் சார்பில் டிஎன்எஸ் கேட்டுச் சொல்லும் சர்வர்) கேஷ். டிடிஎல், அதாவது பதிலைச் சேமித்து வைக்கும் கால அளவு, தீரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.