அக்சஸ் கோப்பு எந்த ஃபோல்டரில் இருக்கிறது?

மைக்ரோசாஃப்ட் அக்சஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் ரிப்போர்ட்டைச் சேமிக்கவோ படத்தை எடுக்கவோ, கோடில் 'டி:\கடை\படங்கள்' என்று முழு முகவரியையும் எழுதி வைப்பவர்கள் உண்டு. நானும் எழுதியவன்தான். கோப்பை வேறு கம்ப்யூட்டருக்கு மாற்றிய அன்றே எர்ரர் வந்து நிற்கும்.

இதற்கு அக்சஸில் கோடு எழுதும் மொழியான விபிஏவில் ஒரே சொல் போதும்: கரன்ட்ப்ராஜெக்ட் டாட் பாத். திறந்திருக்கும் கோப்பின் ஃபோல்டரை அது சொல்லிவிடும். கோப்பின் பெயரும் சேர்த்து வேண்டுமா, பாத்துக்குப் பதில் ஃபுல்நேம். கன்ட்ரோலும் ஜி-யும் அழுத்தி, இமீடியட் விண்டோவில் கேள்விக்குறி போட்டு இதை அடித்து என்டர் தட்டினால் விடை அங்கேயே தெரியும்.

ஒன்றை மறக்காதீர்கள். விடை 'டி:\கடை' என்றுதான் வரும். கடைசியில் சாய்கோடு இருக்காது. அப்படியே 'படங்கள்' என்று ஒட்டினால் 'டி:\கடைபடங்கள்' ஆகிவிடும், அப்படியொரு ஃபோல்டரே கிடையாது. நடுவில் '\' போட்டு ஒட்டுங்கள்.

சரி, டேபிள்கள் தனிக் கோப்பிலும் ஃபார்ம்கள் தனிக் கோப்பிலும் இருந்தால்? அப்போது பாத் காட்டுவது ஃபார்ம் இருக்கும் இடத்தை மட்டும். டேட்டா இருக்கும் இடம் வேண்டுமென்றால், இணைத்த டேபிளின் விவரங்களை வைத்திருக்கும் டேபிள்டெஃபில் கனெக்ட் என்ற பண்பைப் படிக்க வேண்டும். அதில் அரைப்புள்ளி, டேட்டாபேஸ், சமக்குறி என்று ஆங்கிலத்தில் 10 எழுத்து முன்னால் நிற்கும். பாஸ்வேர்ட் போடாத கோப்பென்றால், எழுத்துகளை நடுவிலிருந்து வெட்டித் தரும் மிட் ஃபங்ஷனில் 11ஆம் எழுத்திலிருந்து எடுத்தால் டேட்டா கோப்பின் முழு முகவரி கையில்.