அரசியல் நன்கொடை: தோட்டப்புறக் கம்பெனிகளும் தொழிற்சங்கங்களும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேர்தல் பேச்சு அடிபட்டாலே போதும், மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற ஊர்களில் செம்பனைக் குலை ஏற்றும் லாரி முதலாளியிலிருந்து தோட்டத் தொழிற்சங்கக் கிளைச் செயலாளர் வரை நன்கொடை கேட்டு ஆள் வந்துவிடும். "அரசியல் நிதிக்கு இங்க தனிச் சட்டமே இல்ல அண்ணே, பயப்படாதீங்க" என்பார்கள். பாதி உண்மை. 2016இல் அரசியல் நிதி பற்றிய தேசிய ஆலோசனைக் குழு 32 பரிந்துரைகள் கொடுத்தது. அதன் பிறகும் மசோதா பேச்சிலேயே பல ஆண்டுகள் ஓடின. ஆனால் மற்ற நான்கைந்து சட்டங்கள் இருக்கின்றன. மாட்டுகிறவர்கள் அவற்றில்தான் மாட்டுகிறார்கள்.

முதல் தவறு, பெரிய தவறு: டெண்டர் முடிவாகாத நேரத்தில் கொடுப்பது. பள்ளிச் சிற்றுண்டிச்சாலை, புல்வெட்டு, கால்வாய் துப்புரவு என எந்தக் குத்தகையாக இருந்தாலும், அதில் செல்வாக்குள்ளவரின் கட்சிக்கு அந்த வாரம் போகும் பணம் நன்கொடையாகத் தெரியாது. ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 17ஏ பிரிவு 1 ஜூன் 2020 முதல் நடப்பில் உள்ளது. தொழில் பெறவோ தக்கவைக்கவோ கம்பெனிக்காக யாராவது கையூட்டு கொடுத்தால் கம்பெனியே குற்றவாளி. அபராதம் கொடுத்த தொகையின் 10 மடங்குக்கோ 10 லட்சம் ரிங்கிட்டுக்கோ, எது அதிகமோ அதற்குக் குறையாது; 20 ஆண்டு வரை சிறையும் உண்டு. இது பங்குச் சந்தைக் கம்பெனிகளுக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள். இல்லை, புருஷன் பெண்டாட்டி இருவர் மட்டும் டைரக்டராக இருக்கும் செண்டிரியான் பெர்ஹாட்டும் (தனியார் கம்பெனியும்) அடக்கம், பங்காளித் தொழிலும் அடக்கம். போதிய தடுப்பு நடைமுறைகள் முன்கூட்டியே இருந்தன என்று காட்டுவதுதான் கம்பெனிக்குள்ள தற்காப்பு. விசாரணை வந்த பிறகு எழுதிய கொள்கைத் தாள் உதவாது.

எனவே கேட்பவர் யார், நம் விண்ணப்பம் எதுவும் அவர் கையிலோ அவர் ஆட்கள் கையிலோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் ஒரு வெள்ளியும் வேண்டாம். ரசீது வாங்கிவிட்டால் சரியாகிவிடும் என்பது தப்புக் கணக்கு. பணம் போன வழிக்குத்தான் ரசீது சாட்சி, கொடுத்த நோக்கத்துக்கு இல்லை.

இரண்டாவது, ஒய்.பி.யின், அதாவது மக்கள் பிரதிநிதியின், சொந்தக் கணக்கில் போடுவது. அப்போதைய பிரதமர் நஜிப்பின் தனிக் கணக்குக்கு வந்திருந்த 260 கோடி ரிங்கிட்டை 2015இல் நன்கொடை என்று சொன்னபோது நாடே கேள்வி கேட்டது. தொகை சிறிதானாலும் அதே கேள்விதான். டைரக்டர்கள் கூட்டத்தில் தீர்மானம் எழுதி, கட்சியின் பெயருக்குக் குறுக்குக்கோடிட்ட காசோலை கொடுத்து, எண்ணுள்ள கட்சி ரசீது வாங்குங்கள். 25,000 ரிங்கிட்டும் அதற்கு மேலும் ரொக்கமாகப் புழங்கினால் வங்கி, மத்திய வங்கியான பேங்க் நெகாராவுக்கு அறிக்கை அனுப்பும். கட்சி நன்கொடைக்கு வரிக்கழிவும் கிடையாது. அதை 'விளம்பரச் செலவு' என்று எழுதச் சொல்லும் கணக்கரை மாற்றுவது நல்லது.

பொருளாகக் கொடுப்பதும் நன்கொடைதான். கூடாரம், நாற்காலி, டீசல், லாரி எல்லாவற்றுக்கும் விலை உண்டு. பிரச்சாரக் காலத்தில் வேட்பாளரின் தேர்தல் முகவர் எழுத்தில் அனுமதிக்காமல் கூட்டத்துக்கோ பேனருக்கோ செலவு செய்யாதீர்கள். நாடாளுமன்ற வேட்பாளருக்கு 2 லட்சம், சட்டமன்ற வேட்பாளருக்கு 1 லட்சம் ரிங்கிட் என்று 1954 தேர்தல் குற்றச் சட்டம் வரம்பு வைத்திருக்கிறது. உங்கள் கூடாரத்தின் வாடகையும் அதற்குள் வர வேண்டியது. வரம்பு வேட்பாளருக்குத்தான், கட்சிக்கு இல்லை. சட்டத்தின் பெரிய ஓட்டை அது. அந்த ஓட்டையை நம்பிக் கம்பெனி இறங்கக்கூடாது.

தொழிற்சங்கத்தின் கதை வேறு. சந்தாப் பணம் உறுப்பினர்களுடையது. 1959 தொழிற்சங்கச் சட்டம் அதை அரசியலுக்குச் செலவிடத் தடை வைத்து வந்த சட்டம். 2024இல் சட்டம் திருத்தப்பட்டதால், கிளை அலமாரியில் கிடக்கும் பழைய நகலை நம்பாமல் புதிய பிரதியையும் சங்க விதிகளையும் சேர்த்துப் படித்த பிறகே எதையும் முடிவு செய்ய வேண்டும். நேரடியாகக் கொடுக்காமல் 'குடும்ப தின நிகழ்ச்சி' என்று வவுச்சர் போட்டு, மேடையில் வேட்பாளரை ஏற்றுவதுதான் அதிகம் நடக்கிறது. தணிக்கையில் முதலில் கண்ணில் படுவதும் அந்த வவுச்சர்தான். உறுப்பினர் ஒருவர் தன் கைக்காசைக் கொடுக்க விரும்பினால் அது அவர் உரிமை. சங்க ரசீதுப் புத்தகத்தை மட்டும் அதற்கு எடுக்காதீர்கள்.

தோட்ட ஆபீஸ் கிராணிமார் (குமாஸ்தாக்கள்) கவனிக்க: எல்லாரும் ஆளுக்கு 10 வெள்ளி என்று சம்பளத்தில் பிடிப்பது கூடாது. 1955 வேலைச் சட்டத்தின் 24ஆம் பிரிவில் சங்கச் சந்தாவுக்கே தொழிலாளியின் எழுத்துக் கோரிக்கை வேண்டும். மூன்றாம் தரப்புக்குப் போகும் பணமென்றால் தொழிலாளர் இலாகாவின் முன் அனுமதியும் வேண்டும். மண்டோர் (கங்காணி) பெயர்ப் பட்டியலோடு வந்து நின்றால் அது கோரிக்கை ஆகாது.