பார்த்தால் போதாது, தைக்க வேண்டும்: ஃப்ரீ மோஷன் குயில்டிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேலே ஒரு பருத்தித் துணி, நடுவில் பஞ்சு ஷீட், அடியில் இன்னொரு துணி. மூன்றையும் சேர்த்து, கோலம் இழுப்பது போலக் கை போன போக்கில் மெஷினில் தைப்பதுதான் ஃப்ரீ மோஷன் குயில்டிங். கிருஷ்ணகிரியில் இதை நேரில் சொல்லித்தர எனக்கு ஆள் கிடைக்கவில்லை. அதனால் ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தேன்.

அங்கே நான் செய்த பெரிய தவறு, பாடத்தை மட்டும் பார்த்துக்கொண்டே போனது. கண்ணுக்கு எல்லாம் புரிந்துவிடும், கைக்குப் புரியாது. பத்து நிமிடம் பார்த்தால் இருபது நிமிடம் தையுங்கள், அப்புறம் அடுத்த பாடத்துக்குப் போங்கள். பல வீடியோக்களில் தைப்பதை வேகமாக ஓட்டிக் காட்டுவார்கள். வேகத்தைப் பாதியாக்கிப் பார்த்தால்தான், வளைவில் டீச்சர் கை எப்படி நிதானிக்கிறது என்பது தெரியும்.

எடுத்த எடுப்பில் பெரிய போர்வையில் கை வைக்காதீர்கள். 12 அங்குலச் சதுரங்கள் போதும். சந்தையில் வாங்கிய கட் பீஸ், பழைய பருத்திப் புடவை எல்லாம் இதற்கு ஆகும். தைக்கும் முன், தைக்கப்போகும் டிசைனைப் பென்சிலைத் தாளை விட்டுத் தூக்காமல் நாலு முறை வரையுங்கள். சிக்குக் கோலம் போட்டுப் பழகிய கைக்கு இது சுலபம். ஆனால் ஒன்று: சிக்குக் கோலத்தில் கோடுகள் குறுக்கே வெட்டிப் போகும், இடத்தை நிரப்ப வளைந்து வளைந்து தைக்கும் ஸ்டிப்ளிங்கில் கோடு தன்னைத் தானே தொடவே கூடாது.

சரி, மெஷினுக்கு வருவோம். வழக்கமான தையலில் அடியில் இருக்கும் பல்தான் துணியை நகர்த்தும், தையலின் நீளமும் அதனால்தான் ஒரே சீராக வரும். இங்கே பல்லை இறக்கிவிடுவதால் அந்த வேலை முழுக்க நம் கைக்கு வந்துவிடுகிறது. மெஷின் மெதுவாக ஓடும்போது கை விரைந்தால் தையல் நீளமாகும். மெஷின் விரையும்போது கை தயங்கினால் பொடிப்பொடியாக ஒரே இடத்தில் குவியும். மெஷினைச் சீராக ஓடவிட்டு, அதற்குத் தக்கபடி கையை நகர்த்துங்கள்.

பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காதது அடுத்த தவறு. வளைவுகளில் கண்ணிமை முடி மாதிரி நூல் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கிறதா? அங்கே கை வேகமாகத் திரும்பியிருக்கிறது, அல்லது மேல் நூலின் டென்ஷன், அதாவது இறுக்கம், தளர்ந்திருக்கிறது. மேலே சிவப்பு நூல், அடி நூல் சுற்றும் பாபினில் நீலம் போட்டு ஒரு துண்டு தைத்துப் பாருங்கள். பின்னால் சிவப்பு எட்டிப் பார்த்தால் மேல் டென்ஷனைக் கொஞ்சம் இறுக்குங்கள். முன்னால் நீலம் தெரிந்தால் தளர்த்துங்கள்.

இந்தத் தையலுக்கென மெஷினில் மாட்டும் பாதம்தான் டார்னிங் ஃபுட். இறக்கினாலும் அது துணியை இறுக்கிப் பிடிக்காது, சற்று மேலேதான் நிற்கும். அதனால் பாதத்தை இறக்கும் லிவரை இறக்க மறந்ததே தெரியாது. அடியில் நூல் சிக்கிக் குருவிக்கூடு கட்டிய பிறகுதான் தெரியும். ஊசியை ஒரு முறை இறக்கி ஏற்றிப் பாபின் நூலை மேலே இழுத்து, இரண்டு நூலையும் பிடித்துக்கொண்டு தொடங்குங்கள். நூல் அடிக்கடி அறுந்தால் முதலில் ஊசியை மாற்றுங்கள். இந்தக் கனத்துக்கு நான் 14 நம்பர் ஊசி போடுகிறேன்.

பெரிய போர்வை தைக்கும்போது அது மேசையை விட்டுத் தொங்கினால், அதன் கனமே கையை இழுத்துக் கோட்டைக் கெடுத்துவிடும். நான் மெஷினுக்கு இடப்பக்கம் கட்டிலை இழுத்துப் போட்டு, அதன்மேல் ரெண்டு தலையணையை அடுக்கி, போர்வையை அதில் ஏற்றி வைத்துத் தைக்கிறேன்.